மாமல்லபுரமா, மெரினாவா? அம்மாவுடன் கலங்கரை விளக்கத்தில் ஏறிக் கடலைப் பார்க்க எது ஏற்றது?

உறையூரான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பொங்கல் விடுமுறைக் கூட்டம் ஓய்ந்த பின்னர், தை மாதத்தின் பிற்பகுதியில், திருச்சியிலிருந்து குடும்பத்துடன் சென்னைக்கு வரத் திட்டமிட்டிருக்கிறோம். நான், என் மனைவி, 10 வயது மகள், 67 வயதான என் அம்மா ஆகிய நால்வரும் வருகிறோம். முழுதாக இரண்டு நாட்கள் கிடைக்கும். அவற்றில் வேறு எதை விட்டாலும், கலங்கரை விளக்கம் ஒன்றின் மேலேறிக் கடலைப் பார்ப்பதை மட்டும் விடக்கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன்.

அதற்குக் காரணம் அம்மா. திருமணமான புதிதில், 1980-களின் தொடக்கத்தில், அப்பா அவரை மெரினா கலங்கரை விளக்கத்துக்கு அழைத்துச் சென்றிருக்கிறார். மேலே அடித்த காற்றில் சேலைத் தலைப்பை இரு கைகளாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றதையும், கீழே கட்டுமரங்கள் குழம்பில் மிதக்கும் முருங்கைக்காய்த் துண்டுகளைப் போலத் தெரிந்ததையும் அம்மா இன்றும் சொல்வார். அப்பா காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அம்மா எதையும் வாய்விட்டுக் கேட்பவர் அல்லர்; ஆனால் சென்னைப் பயணம் என்று சொன்னதும், "அந்த லைட் ஹவுஸ் இன்னும் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார்.

எனக்கோ மாமல்லபுரத்தின் மீது ஆசை. பல்லவர் கோயில்களும் கடலும் ஒரே பார்வையில் அடங்கும் இடம் அது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நல்ல படங்கள் எடுக்க வேண்டும் என்ற விருப்பமும் உண்டு. அம்மாவுக்கு இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம் இருக்கிறது. கைப்பிடி இருந்தால் இருபது, முப்பது படிகள் வரை மெல்ல ஏறுவார். அதற்கு மேல் முடியாது. இரண்டில் எது அவருக்கு ஏற்றது, எந்த நேரத்தில் சென்றால் காட்சி தெளிவாக இருக்கும் என்பதை நேரில் சென்றவர்கள் சொல்ல வேண்டும். விளக்கு சுழல்வதை மிக அருகில் பார்க்க முடியுமா என்று மகள் கேட்கிறாள். அதற்கும் விடை தெரிந்தால் நன்றாக இருக்கும்.

பல்லவமல்லன் எழுதியது:

நண்பருக்கு வணக்கம். செங்கல்பட்டில் வசிக்கும் நான் ஆண்டுக்கு இரண்டு, மூன்று முறையாவது மாமல்லபுரம் கலங்கரை விளக்கத்தில் ஏறுபவன். அந்த இடத்தின் மீது எனக்கு இருக்கும் பற்றை மறைக்காமல் சொல்லிவிட்டே, உங்கள் அம்மாவை அங்கே ஏற்ற வேண்டாம் என்றும் சொல்கிறேன். கோபுரம் பாறைக் குன்றின் மேல் நிற்கிறது. அதன் அடிவாரத்தை அடையவே பாறையில் நடக்க வேண்டியிருக்கிறது. உள்ளே வளைந்து வளைந்து செல்லும் படிக்கட்டு குறுகலானது. ஏறுகிறவர்களுக்கு இறங்குகிறவர்கள் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டும். கடைசிப் பகுதி செங்குத்தாக ஏறி, குனிந்து வெளிவர வேண்டிய சிறிய வாயிலில் முடிகிறது. முழங்கால் தேய்ந்தவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் பெரிய வேதனை. பாதி வழியில் திரும்பவும் இடமிருக்காது.

ஆனால் நீங்களும் உங்கள் மகளும் கட்டாயம் ஏறுங்கள். வெளி மாடத்துக்கு வந்ததும் முதலில் கிழக்கே பாருங்கள். ஊரின் கூரைகளுக்கு அப்பால், நீர்விளிம்பில், கடற்கரைக் கோயிலின் இரண்டு விமானங்களும் தனித்துத் தெரியும். கீழே நின்று பார்க்கும்போது அண்ணாந்து பார்க்க வைக்கும் அந்தக் கோயில், மேலிருந்து பார்க்கும்போது அலையின் ஓரத்தில் யாரோ வைத்துவிட்டுப் போன சிறு சிற்பமாகிவிடும். 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் அதை ஏன் அவ்வளவு விளிம்பில் எழுப்பினான் என்ற கேள்வி எனக்கு ஒவ்வொரு முறையும் எழுகிறது. வடக்கே திரும்பினால் அர்ச்சுனன் தபசு உள்ள பாறைத் தொடரின் முதுகைக் காணலாம். எல்லோரும் அந்தப் பாறையின் முகத்தை மட்டுமே பார்த்துவிட்டுப் போகிறார்கள். அதன் பின்புறம் எவ்வளவு பெரியது, சிற்பிகள் தொடாமல் விட்ட கல் எவ்வளவு என்பது இங்கிருந்துதான் விளங்கும். தெற்கே மரங்களுக்கு இடையே ஐந்து ரதங்கள் இருக்கின்றன. மேற்கே பக்கிங்காம் கால்வாயும் அதை ஒட்டிய நீர்நிலைகளும் மாலை வெயிலில் தகடு போலப் பளபளக்கும்.

நேரத்தைப் பொறுத்தவரை, நம்முடையது கிழக்குக் கடற்கரை என்பதை நினைவில் வையுங்கள். காலையில் கடலைப் பார்த்தால் சூரியன் நேரே கண்ணில் அடிக்கும். படத்தில் கோயில் வெறும் கறுப்பு நிழலாக விழும். பிற்பகல் மூன்றரை மணிக்கு மேல் வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னிருந்து விழுவதால், கோயிலின் கல்நிறமும் கடலின் நீலமும் பிரிந்து தெரியும். மேலும், தைப் பனி தரையைப் பிளக்கும் என்று சொல்லும் மாதத்தில் வருகிறீர்கள். காலையில் கடல்மேல் பனிமூட்டம் படர்ந்திருக்க வாய்ப்புண்டு. நண்பகலில் இடைவேளை விட்டு மீண்டும் திறப்பார்கள். மாலையில் கதிரவன் மறைவதற்கு முன்பே மூடிவிடுவார்கள். ஆகவே திறந்தவுடன் வரிசையில் நிற்பது நல்லது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கோபுரத்துக்குப் பக்கத்தில், மகிடாசுரமர்த்தினி குகையின் தலைமேல், ஒலக்கணேசுவரர் கோயில் என்ற பல்லவர் காலக் கற்கோயில் இருக்கிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்போதைய கோபுரம் முழுமையாக இயங்கத் தொடங்கும்வரை, ஆங்கிலேயர் அந்தக் கோயிலின் கூரைமேல்தான் விளக்கு ஏற்றினார்கள். வீட்டுக்கு ஓர் உழக்கு எண்ணெய் திரட்டி அங்கே விளக்கு எரித்ததால் "உழக்கெண்ணெய் ஈசுவரர்" என்ற பெயரே இப்படித் திரிந்தது என்று ஊரில் சொல்வதுண்டு. பெரும்பாணாற்றுப்படையில் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகத்தைப் பாடும் இடத்தில், வானத்துக்கு முட்டுக்கொடுத்த தூணைப் போன்ற, ஏணி சாத்திய, ஏறுவதற்கு அரிய மாடத்தில் இரவில் ஏற்றிய சுடர், கடலில் ஓடும் கலங்களை அழைக்கும் என்று வருகிறது. அந்தத் துறைமுகம் இந்த ஊரை ஒட்டியே இருந்தது என்று கருதும் அறிஞர்கள் உண்டு. "ஏறுவதற்கு அரிய" என்ற சொற்களை அந்தக் கடைசிப் படிகளில் நிற்கும்போது நினைத்துப் பாருங்கள்.

மெரினாவைப் பற்றி எனக்குப் பெரிய கருத்து இல்லை. மணலும் கட்டடங்களும் தெரியும், அவ்வளவுதான் என்பேன்.

சாந்தோம்வாசி எழுதியது:

பல்லவமல்லன் ஐயா மாமல்லபுரத்தைப் பற்றி எழுதியவை அனைத்தும் உண்மை. மெரினாவை ஒரே வரியில் தள்ளிவிட்டதை மட்டும் ஏற்க முடியவில்லை.

உறையூரான் அவர்களே, உங்கள் அம்மா ஏறிய அதே கோபுரம் அப்படியே இருக்கிறது; சிவப்பும் வெள்ளையும் பட்டைகளாகப் பூசிய அந்த முக்கோண வடிவக் கட்டடம்தான். உங்களுக்கு மிகவும் வேண்டிய செய்தி, அங்கே லிஃப்ட் இருக்கிறது. ஒன்பதாம் தளம்வரை லிஃப்டில் சென்று, பார்வையாளர் மாடத்தில் நிற்கலாம். 1977 சனவரியில் இயங்கத் தொடங்கிய அந்த விளக்கத்தில் முதலில் பொதுமக்கள் ஏற முடிந்தது. இராஜீவ் காந்தி படுகொலைக்குப் பின்னர், பாதுகாப்புக் காரணங்களுக்காக 1990-களின் தொடக்கத்தில் மூடப்பட்டு, 2013 நவம்பரில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்னைக்காரர்களே மேலே போக முடியாமல் இருந்தோம். என் பள்ளிப் பருவம் முழுவதும் அதன் நிழலில் கழிந்தது. ஆனால் நான் முதன்முதலில் மேலே ஏறியபோது எனக்கு முப்பத்தைந்து வயது.

அன்று நான் கண்டதைச் சொல்கிறேன். வடக்கே, மணற்பரப்பு வளைந்து சென்று பல்கலைக்கழகக் கட்டடங்களைத் தாண்டித் துறைமுகத்தின் பாரந்தூக்கிகளில் முடிகிறது. தெற்கே சாந்தோம் தேவாலயத்தின் வெள்ளைக் கூர்முனை. அதற்கும் அப்பால் பட்டினப்பாக்கம், அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரம். மேற்கே தென்னை மரங்களுக்கும் மாடிவீடுகளுக்கும் இடையே மயிலைக் கபாலீசுவரர் கோயில் கோபுரம் எழுந்து நிற்கும். ஆனால் என்னைக் கட்டிப் போட்டது இவற்றுள் எதுவுமில்லை. கண்ணுக்கு நேர் கீழே நொச்சிக்குப்பம் இருக்கிறது. கரையில் இழுத்து வைத்த ஃபைபர் படகுகளுக்கு நடுவே ஒரு பெரியவர் நீல வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு கிழிசலை முடிந்துகொண்டிருந்தார். அவ்வளவு உயரத்திலிருந்தும், அவர் கை போய் வரும் சீர் எனக்குத் தெரிந்தது. அந்த மனிதர் இரவில் கடலுக்குப் போனால், திரும்பி வரும்போது தேடப்போகும் வெளிச்சத்துக்குச் சில அடிகள் கீழேதான் நான் அப்போது நின்றுகொண்டிருந்தேன். மணலும் கட்டடங்களும் மட்டும் தெரியும் இடமென்று அதை எப்படிச் சொல்வது?

வரலாற்றிலும் மெரினா விளக்கம் தனியாக முளைத்ததன்று. சென்னைத் துறையின் நான்காவது விளக்கம் அது. முதலாவது 1796-இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள், இன்று அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் மேல், எண்ணெய் விளக்காக எரிந்தது. இரண்டாவது 1844-இல் ஏற்றப்பட்ட உயரமான கல்தூண். உயர் நீதிமன்ற வளாகத்தில் அது இன்றும் நிற்கிறது. 1894-இல் உயர் நீதிமன்றத்தின் உயரமான குவிமாடத்துக்கே விளக்கு மாறியது. அங்கிருந்துதான் மெரினாவுக்கு வந்தது. நகரம் தெற்கு நோக்கி வளர்ந்ததைப் போல விளக்கும் நகர்ந்து வந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

நடைமுறைச் செய்திகள் சில. திங்கட்கிழமை விடுமுறை, அந்த நாளைத் தவிர்த்துத் திட்டமிடுங்கள். இங்கும் நண்பகலில் இடைவேளை உண்டு. நுழைவுக் கட்டணம் சிறு தொகைதான். கேமராவுக்குத் தனியாகச் செலுத்த வேண்டும். ஞாயிறு மாலையில் லிஃப்டுக்காகக் காத்திருக்க நேரும் என்பதால், அம்மாவை வேலைநாள் ஒன்றில் அழைத்து வாருங்கள். தை மாதத்தில் வாடைக் காற்று வீசும். மாடத்தின் வடக்குப் பக்கத்தில் அது முகத்தில் அறையும். அம்மாவின் சேலைத் தலைப்புக்கு இப்போதும் இரண்டு கைகள் வேண்டியிருக்கும். பறக்கும் ரயிலில் வருவதாக இருந்தால் "கலங்கரை விளக்கம்" என்ற பெயரிலேயே நிலையம் உண்டு. ஆனால் அங்கே படிகளும் நடையும் இருப்பதால், முழங்கால் வலிக்கு ஆட்டோவே நல்லது.

பழையமாலுமி எழுதியது:

தம்பி உறையூரான், உங்கள் மகளின் கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை. ஆகவே நான் எழுதுகிறேன். வணிகக் கப்பல்களில் முப்பது ஆண்டுகள் பணிபுரிந்தவன் நான். கலங்கரை விளக்கங்களைக் கடலிலிருந்து பார்த்தே பழகியவன்.

விளக்கு அறைக்குள் பார்வையாளர்களைப் பொதுவாக விடுவதில்லை. விட்டாலும் பகலில் விளக்கு எரியாது. அதுமட்டுமின்றி, பெரிய வில்லைகள் உள்ள விளக்கறைகளில் பகல் முழுவதும் கண்ணாடிகளைத் திரையிட்டு மூடி வைப்பது நெடுநாள் வழக்கம். உள்ளிருக்கும் சுடரின் ஒளியைத் திரட்டிக் கடலுக்கு அனுப்புகிற அதே வில்லை, வெயிலையும் திரட்டி உள்ளே குவித்துவிடும். விளக்கே எரிந்து போகலாம். சிறுவயதில் பூதக்கண்ணாடியால் காகிதத்தில் பொத்தல் போட்டிருப்பீர்களே, அதே வேலைதான். அந்த வில்லையை 1820-களில் வடிவமைத்தவர் பிரெஞ்சு அறிவியலாளர் ஃபிரெனல். ஒரே கனத்த கண்ணாடியாக வார்க்காமல், வளையம் வளையமாகக் கண்ணாடிப் பட்டைகளை அடுக்கி, அதே வேலையைக் குறைந்த எடையில் செய்ய வைத்தார். பழைய கோபுரங்கள் பலவற்றில் டன் கணக்கில் எடையுள்ள வில்லைத் தொகுதியைப் பாதரசத் தொட்டியில் மிதக்க விட்டிருந்தார்கள். உங்கள் மகள் ஒரு விரலால் தள்ளினாலே சுழலத் தொடங்கியிருக்கும். இரண்டு இடங்களிலும் கீழே சிறு அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய விளக்குகளையும் வில்லைகளையும் அங்கே கிட்டத்தில் காட்டுங்கள். மாடத்துக்குப் போவதற்கு முன்பே காட்டிவிடுவது நல்லது. மேலே போய் வந்த பிறகு குழந்தைகளுக்குக் கண்ணாடிப் பெட்டிகளில் மனம் நிற்காது.

விளக்கு வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமானால், இருட்டிய பிறகு மணலில் உட்காருங்கள். ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் தனிச் சீர் உண்டு. எந்த ஊர் விளக்கு என்பதை அந்தச் சீரைக் கொண்டே அறிவோம். மெரினா விளக்கு பத்து விநாடிக்கு ஒருமுறை இரண்டு மின்னல்களை அனுப்பும். கப்பலின் மேடையில் இரவுக் காவலில் நிற்கும்போது, விளக்கு தொடுவானத்துக்குக் கீழே இருக்கும்போதே அதன் வெளிச்சம் வானத்தில் மங்கலாக விசிறி போல வந்து போகும். உடனே நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தி எண்ணத் தொடங்குவோம். ஒன்று, இரண்டு, பிறகு இருள். பத்து விநாடி கழித்து மீண்டும் ஒன்று, இரண்டு. "சென்னைதான்" என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லும் அந்த நொடிக்கு ஈடாக நான் வேறெதையும் அறியேன். மாதக்கணக்கில் வெளிநாட்டுத் துறைகளில் அலைந்துவிட்டு வரும் தமிழனுக்கு அது வெறும் வழிகாட்டும் விளக்கு அன்று. இன்று செயற்கைக்கோள் நம் இருப்பிடத்தைத் துல்லியமாகச் சொல்கிறது. ஆனால் அந்தச் சமிக்ஞை தடைபடும் நேரங்கள் உண்டு. கண்ணால் பார்த்துச் சரிபார்க்கும் பழக்கத்தைக் கப்பல்கள் இன்னும் கைவிடவில்லை.

எவ்வளவு தொலைவு பார்க்கலாம் என்று மகள் கேட்டால், கணக்கோடு சொல்லுங்கள். கண் இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால், தொடுவானம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்பது கிடைக்கும். மணலில் நிற்கும் ஒருவருக்குத் தொடுவானம் நாலரை கிலோமீட்டரில் முடிந்துவிடும். மாடத்தின் உயரத்தை 40 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அது 22 கிலோமீட்டருக்கு மேல் விலகிப் போகிறது. கீழே நிற்பவருக்குத் தெரியாத கப்பல்கள் மேலே நிற்பவருக்குத் தெரிவது இதனால்தான். மெரினா விளக்கு கடல் மட்டத்திலிருந்து 57 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீரிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் கண் இருக்கும்படி கட்டுமரத்தில் அமர்ந்திருக்கும் மீனவருக்கு, வானம் தெளிந்திருந்தால், ஏறக்குறைய 30 கிலோமீட்டரிலிருந்தே அது தென்படத் தொடங்கும். துடுப்பு போட்டு வருகிறவருக்கு அது பல மணி நேர வழி. அவ்வளவு நேரமும் கரை எங்கே என்ற ஐயம் அவருக்கு இருக்காது.

கடைசியாக ஒரு சொல் விளக்கம். கலங்கரை விளக்கத்தில் உள்ள "கரை" கடற்கரை என்று பலர் எண்ணுகிறார்கள். காகம் கரைகிறது என்கிறோமே, அந்தக் கரைதல்தான் இது. அழைத்தல் என்று பொருள். கலத்தை அழைக்கும் விளக்கு. பல்லவமல்லன் சொன்ன சங்கப் பாட்டிலும் "கலம் கரையும்" என்றுதான் வருகிறது. உங்கள் மகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்.

உறையூரான் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று முன்தினம் ஊர் திரும்பினோம். சொன்னபடியே செய்தோம் என்பதைத் தெரிவிக்கவே இதை எழுதுகிறேன்.

முதல் நாள் பிற்பகல் மாமல்லபுரம். அம்மாவும் என் மனைவியும் கடற்கரைக் கோயில் புல்வெளியில் அமர்ந்துகொள்ள, நானும் மகளும் மட்டும் ஏறினோம். கடைசிப் படிகளில் மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். வெளியே வந்ததும் பேச்சே இல்லை. பிறகு கடற்கரைக் கோயிலை நோக்கிக் கையசைக்கத் தொடங்கினாள். அவ்வளவு தொலைவில் பாட்டிக்கு எப்படித் தெரியும் என்று நான் சொல்லியும் நிறுத்தவில்லை. அர்ச்சுனன் தபசுப் பாறையின் முதுகைப் படமெடுத்தேன். பல்லவமல்லன் ஐயா சொல்லியிராவிட்டால் அந்தப் பக்கம் திரும்பியே இருக்க மாட்டேன்.

மறுநாள், செவ்வாய்க்கிழமை பிற்பகல், மெரினா. லிஃப்ட் கதவு திறந்ததும் அம்மா நேரே தெற்குப் பக்கம் நடந்தார். அங்கே நின்றுதான் அப்பா சாந்தோம் தேவாலயத்தைக் காட்டினாராம். கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். நான் சற்றுத் தள்ளியே நின்றேன். கீழே கட்டுமரங்கள் இல்லை, எல்லாம் ஃபைபர் படகுகளாகிவிட்டன என்று மட்டும் சொன்னார். வடக்குப் பக்கம் வந்தபோது காற்று அடித்தது. தலைப்பின் ஒரு முனையை அவர் பிடித்துக்கொள்ள, மற்றொரு முனையை மகள் பிடித்துக்கொண்டாள்.

இருட்டிய பிறகு மணலில் அமர்ந்தோம். சுண்டல் பொட்டலம் கையில் இருக்க, மகள் என் கைப்பேசியின் நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தி எண்ணினாள். இரண்டு மின்னல், இருள், பத்து விநாடி. மூன்று முறை எண்ணி மூன்று முறையும் சரியாக வந்ததும், பழையமாலுமி ஐயா சொன்ன "கரைதல்" கதையைப் பாட்டிக்குச் சொன்னாள். அம்மா சிறிது நேரம் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உன் தாத்தா இதை எண்ணிப் பார்க்கவில்லை, பத்து விநாடி என்று தெரிந்திருந்தால் கட்டாயம் எண்ணியிருப்பார்" என்றார்.